நினைவு தளர்ந்தோரைத் தேற்றும் நெறி

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். தமிழாசிரியரை மேடையேற்றினால் அதுதானே நடக்கும்! ஆனால், அண்மைக் காலத்தில் நம்மவர் இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு செய்தியைக் குரல் தாழ்த்திச் சொல்லக் கேட்கிறேன். "அம்மாவுக்கு நினைவு சரியில்லை. பொழுது சாய்ந்தால் அழுகிறார், கத்துகிறார், வெளியே போகவேண்டும் என்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை" என்கிறார்கள். பிறகு மெல்ல மெல்ல அந்த முதியவரை ஜினாலயத்திற்கு அழைத்து வருவதை நிறுத்திவிடுகிறார்கள். சில திங்கள் கழித்து அவரைப் பற்றி யாரும் கேட்பதுகூட இல்லை. ஆகவே இன்று அவர்களைப் பற்றியும், அவர்களுடன் இரவு பகலாக இருப்பவர்களைப் பற்றியும் பேச விழைகிறேன்.

நாலடியாரின் 'இளமை நிலையாமை' அதிகாரம் உடல் தளர்ந்து கோலூன்றித் தடுமாறும் முதுமையைக் கண்முன் நிறுத்துகிறது. உடல் தளர்வதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஊன்றுகோல் வாங்கித் தருகிறோம், கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறோம். உள்ளம் தளர்வதைத்தான் ஏற்க மறுக்கிறோம். "வேண்டுமென்றே செய்கிறார்", "பிடிவாதம்", "குழந்தையாகிவிட்டார்" என்கிறோம். கேரளத்தில் சில பகுதிகளில் இதற்குச் 'சின்னன்' என்றே பெயர்; சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். மருத்துவர்கள் டிமென்ஷியா என்கின்றனர். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். இது மூளையின் உயிரணுக்கள் அழிவதால் வரும் நோயே அன்றி, முதுமையின் இயல்பும் அன்று, குணக்கேடும் அன்று. 2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வொன்று, அறுபது வயது நிறைந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. ஆடவரைவிடப் பெண்டிரிடமும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு கூறுகிறது.

இந்த அறிவு நமக்குத் தொலைவில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், உறவினர் ஒருவரும் உடன் தங்கவேண்டும் என்னும் முறையை அந்நாளிலேயே அங்குக் கைக்கொண்டனர். குடும்பமே மருத்துவத்தின் ஒரு பகுதி என்பது அதன் கருத்து. பின்னர் 1998இல் கொச்சியில் அறிஞர் பலர் கூடி '10/66' என்றொரு ஆய்வுக் குழுவை அமைத்தனர். இந்நோயுடையோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லையே என்ற ஆதங்கமே அப்பெயருக்குக் காரணம். அக்குழுவினர் வீடு வீடாகச் சென்று ஆய்ந்த சிற்றூர்ப் பகுதிகளுள் ஒன்று, நம் வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம். நம் பக்கத்து ஊர்ப் பாட்டிமார்களின் வாழ்க்கை உலக ஆய்வேடுகளில் ஏறியிருக்கிறது. நம் வீட்டுத் திண்ணைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

நம் ஆகமம் வினைகளை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் ஞானாவரணீயம் அறிவை மறைப்பது; வேதனீயம் இன்ப துன்பங்களை நுகர்விப்பது. இவை இரண்டும் வெவ்வேறு வினைகள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அறிவு மறைக்கப்படுவதால் துன்ப நுகர்ச்சி நின்றுவிடுவதில்லை. இதனை நான் மருத்துவ நூலாக்கிப் பேசவில்லை, ஒப்புமைக்காகவே சொல்கிறேன். 2014இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அல்சைமர் நோயுடையோர்க்குத் துயரமான திரைப்படக் காட்சிகளையும், பிறிதொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினர். சில மணித்துளிகளில் அவர்கள் பார்த்ததைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஆயின் அக்காட்சிகள் எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அரைமணி நேரம் வரையிலும் அவர்களிடம் தங்கியிருந்தன. செய்தி போய்விட்டது, அது தந்த நோவு போகவில்லை.

இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மூதாட்டி ஒருவர் மாலையில் வாசலைப் பார்த்தபடி, "அவர் இன்னும் வரலியே" என்கிறார். கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன் நல்லவன், உண்மை பேசுபவன். "அப்பா செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சும்மா, எத்தனை தடவை சொல்றது?" என்கிறான். அவருக்கு அது பழைய செய்தி அன்று. அந்த நொடியில்தான் கணவரை இழக்கிறார். கதறுகிறார். பத்து மணித்துளியில் எதற்காக அழுதோம் என்பது மறந்துபோகிறது. அழுகை மட்டும் நிற்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை, அதே இழவு. ஒரு பெண் ஓராண்டில் முந்நூறு முறை கைம்பெண்ணாவதை எந்த அறம் ஒப்பும்?

"அப்படியானால் பொய் சொல்லச் சொல்கிறீரா? நாம் சத்திய அணுவிரதம் ஏற்றவர்கள் ஆயிற்றே" என்று ஒரு பெரியவர் என்னிடம் வினவினார். தக்க வினா. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவிய நம் அருங்கலச்செப்பும் சத்திய அணுவிரதத்திற்கு இலக்கணம் கூறும்போது, பொய்யை விலக்குவதோடு நிற்கவில்லை. பிறர்க்குக் கேடு பயக்குமாயின் மெய்யையும் விலக்குகின்றன. குறளின் வாய்மை அதிகாரமும் தீங்கற்ற சொல்லையே வாய்மைக்கு இலக்கணமாக்குகிறது. ஆகவே, தாயைக் கதறவைக்கும் அந்த விடையைச் சொல்லியே தீரவேண்டும் என்னும் கடப்பாடு நமக்கு இல்லை.

ஆனால், "இதோ வந்துவிடுவார்" என்று பொய்யும் சொல்லவேண்டியதில்லை. மெய்க்கும் பொய்க்கும் இடையே அகன்ற வெளி இருக்கிறது. எங்கள் தாயார் தம் இறுதி ஆண்டுகளில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மூத்த சகோதரி ஒருநாளும் "இறந்துவிட்டார்" என்றும் சொன்னதில்லை, "வருவார்" என்றும் சொன்னதில்லை. அருகில் சென்று அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? ஆரணி மண்டிக்கு மணிலா மூட்டை ஏத்திக்கிட்டுப் போனா உனக்கு என்ன வாங்கிட்டு வருவார்?" என்பார். தாயார் முகம் மாறும். கதம்பத்தைப் பற்றியும், ஒருமுறை வாங்கி வந்த பச்சைக்கரைப் புடவையைப் பற்றியும், வண்டி மாடு மிரண்ட கதையையும் சொல்வார். கேள்வி கரைந்துபோகும். அதில் பொய் எங்கே இருக்கிறது? தாயார் கேட்டது கணவர் வரும் நேரத்தை அன்று. துணையற்று இருக்கிறேன் என்பதையே அச்சொற்களால் சொன்னார். என் சகோதரி விடையளித்தது அதற்குத்தான்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதும் இத்தகையதே. நம்மவருள் பலர் வந்தவாசி, போளூர், சேத்துப்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் நிலமும் களமுமாக வாழ்ந்து, பிள்ளைகளின் பணியின் பொருட்டு வேலூரிலும் ஆம்பூரிலும் மாடிக் குடியிருப்புகளில் வந்து ஒதுங்கியவர்கள். முற்றத்து வெயிலும் நடையில் கட்டிய கன்றும் அவர்கள் நினைவில் இன்னும் இருக்கின்றன. நேற்று மாறிய படுக்கையறைதான் இல்லை. "இதுதான் வீடு, எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கதவைத் தாழிட்டால் அச்சம் இரட்டிக்கும். "உங்கள் வீட்டில் கிணறு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். முடிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை உடன் நடந்து திரும்புங்கள். திரும்பும்போது பல நாள்களில் அவர்களே, "வீடு வந்துடுச்சு" என்பார்கள்.

இன்னொன்று. அவர்கள் சொல்வதெல்லாம் பிதற்றல் என்று எண்ணிவிடக்கூடாது. ஆம்பூரில் நான் அறிந்த ஒரு குடும்பம். சிற்றூரிலிருந்து மகனிடம் வந்து சேர்ந்த பாட்டி, சில மாலைகளில் மட்டும், "ஏதோ உயிர் போயிடுச்சு, ஜீவன் செத்துக் கிடக்குது" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். வீட்டார் பிரமை என்றே கருதினர். எல்லா நாளும் இல்லாமல் சில நாள் மட்டும் ஏன் என்று எண்ணிப் பார்த்தவள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. நாட்காட்டியில் குறித்து வந்தாள். காற்றுத் திசைமாறி டேனரிப் பக்கத்திலிருந்து வீசும் மாலைகளில்தான் பாட்டி அழுதார்! தோல் ஊறும் வாடை நமக்குப் பழகிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் அதனோடுதான் வாழ்கிறோம். எண்பது ஆண்டுகள் எறும்பையும் மிதியாமல் நடந்த அந்த மூதாட்டிக்கு அவ்வாடையின் பொருள் தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை. "ஒன்றுமில்லை பாட்டி" என்று சொல்வதை நிறுத்தினார்கள். "ஆமாம் பாட்டி, வாடை வருது, உள்ளே போகலாம்" என்று சொல்லிப் பாலாற்றுப் பக்கச் சன்னலைச் சாத்தி, சந்தனம் உரைத்துக் கையில் பூசி, பஞ்ச நமஸ்காரத்தைச் சேர்ந்து ஓதினார்கள். உயிர் நீத்ததற்காக ஓதுகிறோம் என்று பாட்டி எடுத்துக்கொண்டார். அமைதியும் அடைந்தார். அவர் எண்ணியதில் தவறும் இல்லை.

ஆகவே, கலக்கம் வந்தால் காரணம் தேடுங்கள். வாடையாக இருக்கலாம், ஷூ கம்பெனிச் சங்கொலியாக இருக்கலாம், தொலைக்காட்சியில் கூச்சலிடும் தொடராக இருக்கலாம். பீரோக் கண்ணாடியில் தெரியும் கிழவி யாரோ அயலாள் என்று அஞ்சுபவர்களும் உண்டு. ஒரு துணியைப் போர்த்தினால் போதும். வாயால் சொல்லத் தெரியாத உடல் நோவு மிக முக்கியம்: மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி, சிறுநீர்த் தொற்று, தாகம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரெனப் பெருங்கலக்கம் அடைந்தாலோ, பகலெல்லாம் மயங்கிக் கிடந்தாலோ, அதை நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய காரணம் ஒன்று உள்ளே இருக்கும்.

அடங்குவதற்கு மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள், நினைவு தளர்ந்த முதியோரிடம் இறப்பு நேரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலேயே எச்சரித்தது. அவை ஒருபோதும் தேவைப்படா என்று நான் சொல்லவில்லை. அது மருத்துவர் முடிவு செய்யவேண்டியது. அக்கம்பக்கத்தார் கொடுத்த சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கவேண்டியது அன்று.

மாலைப் பொழுதைப் பற்றித் தனியே பேசவேண்டும். வெளிச்சம் குறையக் குறைய இந்நோயுடையோர் பலர்க்குக் கலக்கம் கூடும். நம் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இருட்டுமுன் உண்டு முடிக்கும் நோன்பை நாம் காத்து வருகிறோம். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அடுப்பு அணைந்து, பாத்திரம் கழுவி, வீடு ஓய்ந்த பிறகு ஏழரை மணிக்கு, "எனக்குச் சோறே போடல, பட்டினி போடுறா" என்று குரல் எழும். பழி விழுவது மருமகள் தலையில். நகை திருட்டுப் போயிற்று என்ற பழியும் அவள் தலையில்தான். நாளெல்லாம் உடனிருப்பவர் மீதே ஐயம் பிறப்பது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று. மருமகளே, அது உன்னைப் பற்றிய தீர்ப்பு அன்று. கணவன்மார்களே, அவ்வேளையில் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைந்த சங்கிலியை, "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்" என்று தேடப் புறப்பட்டால் பாதிச் சினம் தணியும்.

உணவுக்கு என்ன செய்வது? பொழுது சாய்வதற்கு நெடுநேரம் முன்பே விளக்குகளையெல்லாம் ஏற்றிவிடுங்கள். நிழல்கள் நீண்டு அச்சுறுத்தாமல் இருக்கும். மாலை உணவைக் கதிரவன் மறையும் நேரத்திற்கு இயன்றவரை நெருக்கமாக வையுங்கள். உண்டபின் தட்டை உடனே எடுத்துவிடாமல் சற்று நேரம் அவர் முன்பே இருக்க விடுங்கள். உண்டோம் என்பதற்கு அது சான்று. அதன் பிறகும் இரவில் பசி என்று அழுதால்? சிலர் என்னோடு மாறுபடலாம். விரதம் என்பது அறிந்து ஏற்பது. ஏற்ற நினைவே தளர்ந்துவிட்டவர்க்கு ஒரு குவளைப் பால் தருவதால் விரதம் கெடுகிறது என்று நான் கருதவில்லை. பசித்தவரை அழவிட்டு, அழுகைக்கு மேல் கதவைச் சாத்துவதில்தான் இம்சை இருக்கிறது. மறுதலையாக, இருட்டிவிட்டது என்று நண்பகலிலும் உண்ண மறுப்பவர்கள் உண்டு. அவர்களைத் தாழ்வாரத்திற்கு அழைத்து வந்து வெயிலில் அமரவைத்து ஊட்டுங்கள்.

இதனோடு ஒட்டிய நுட்பமான செய்தி ஒன்று. நோய் முற்றியவர் உணவை மறுக்கும்போது, "சல்லேகனை ஏற்றுவிட்டார், தடுக்கக்கூடாது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சல்லேகனை தெளிந்த அறிவோடு, ஆசிரியர் இசைவோடு, பற்று நீங்கி ஏற்பது. விழுங்கத் தெரியாமலும், வாய்ப்புண்ணாலும், உணவு இன்னதென்று அறியாமலும் மறுப்பது சல்லேகனை ஆகாது. உயர்ந்ததோர் அறத்தின் பெயரை நம் அயர்ச்சிக்குப் போர்வையாக்கக்கூடாது. மருத்துவரைக் கேளுங்கள், குழையப் பிசைந்து, சிறிது சிறிதாக, நிமிர்ந்து அமர்ந்த நிலையில் ஊட்டிப் பாருங்கள்.

ஓதுதலைப் பற்றி முன்பே குறிப்பிட்டேன். அண்மைய நினைவுகள் முதலில் உதிர்கின்றன. இளமையில் பன்முறை ஓதி நெஞ்சில் பதிந்தவை நெடுநாள் நிற்கின்றன. மகன் பெயர் தெரியாத பெரியவர் திருநூற்றந்தாதியை இடையறாது சொல்லக் கேட்டு வியந்திருக்கிறேன். ஒருவர் தொடங்கிக் கொடுத்தால் மற்றதை அவர்கள் தொடர்வார்கள். ஆனால் தேர்வு வைக்காதீர்கள். "அடுத்த அடி என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால் தவறிவிடுவோமோ என்று அஞ்சிக் கலங்குவார்கள். இதனை ஓர் ஆசிரியர் சொல்வது சற்று வேடிக்கைதான்.

கவனித்துக்கொள்பவர் நிலை என்ன? முன்பெல்லாம் அக்கம்பக்கத்தில் ஓர் அத்தையோ சித்தியோ வந்து இரண்டு நாழிகை அமர்ந்திருப்பார். இப்போது நம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனிப் பஸ்களில் ஏறி ஷூ கம்பெனிகளுக்குச் செல்வோரில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்கள் ஈட்டுகிறார்கள், அது நல்லதே. ஆனால் துணைக்கு ஆளில்லை. கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சிறிது பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் 81 குடும்பங்களில் ஒரு பாதியினர் வீடுகளுக்கு முதலில் சென்று, நோயைப் பற்றி எடுத்துச் சொல்லி, குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டனர். கவனிப்போரின் மனச்சுமை குறைந்தது தெரியவந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. வந்து அமர்ந்து கேட்டார்கள், அவ்வளவே. நம் ஆகமம் அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியத்தையும் ஒன்றாக வைத்து, அப்பணியைப் பெறத்தக்க பதின்மருள் நோயுற்ற துறவியையும் சேர்த்திருக்கிறது. துறவோர்க்குச் சொன்ன அறம்தான். இல்லறத்தார் அதனை வீட்டு முதியோரிடம் தொடங்குவதில் தடையில்லை. நெருக்கடியில் பேச ஆளில்லாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐயும், மனநல உதவி எண் 14416ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் அரசு நடத்துபவை, கட்டணம் இல்லை.

அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். மாலைக் கூட்டமும் ஒலிபெருக்கியும் இம்முதியோர்க்கு ஒவ்வா. காலை அபிஷேக வேளை அமைதியாக இருக்கும். அடுத்த விழாவில் அவ்வேளைக்கென்று ஒலிபெருக்கியிலிருந்து விலகித் தூணோரமாக நான்கைந்து நாற்காலிகளைப் போட்டு வைக்கவேண்டும். கழிப்பறை அருகில் இருக்கவேண்டும். இளைஞர் இருவர், அழைத்து வந்த மகளோ மருமகளோ முழு அபிஷேகத்தையும் அமைதியாகக் கண்டு வணங்கும்வரை, அம்முதியோர் அருகில் அமர்ந்திருக்கவேண்டும். முதியவர் நடுவே எழுந்து உரக்கப் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். இதற்கு இசைவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.